வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்தக் கெலவல்லா போட்டோ பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹட்டன் டவுனில் பாதிப் பேர் பார்த்துவிட்ட அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன். பிளேன்டீ நிறத்தில் ஒரு கெலவல்லாத் (மஞ்சள் துடுப்புச் சூரை மீன்) துண்டு, பக்கத்தில் நம் கடைப் பை. கீழே "பழைய மீனை ஐஸில் வைத்து விற்கிறார்கள்" என்று ஒரு வரி. மூன்று நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் மீனின் செவுளைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

போட்டோ போட்ட அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. எட்டு வருடமாக நம்மிடம் வாங்குகிறவர். ஆனால் அந்த மீன் கடையை விட்டுப் போகும்போது சிவப்பாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை லொறியில் வந்ததைச் சனிக்கிழமை கொடுத்தேன், அதைச் சொல்லியிருக்கலாம், சரி. அப்புறம் அவர் வீட்டு பிரீசரில் ஐந்து வாரம் இருந்திருக்கிறது. சிலிசிலி பையில் (மெல்லிய பொலித்தீன் பை), மூன்று கிலோவும் ஒரே கட்டாக!

கெலவல்லாவின் சிவப்புக்குக் காரணம் சதையில் இருக்கும் மயோகுளோபின். (ஏ.எல். பயோ படிக்கும் மகள் சொல்லிக் கொடுத்த பெயர்.) காற்றுப் பட்டால் அது பழுப்பாகும். வீட்டு பிரீசரின் மைனஸ் 18 பாகையில் அந்த மாற்றம் மெதுவாகுமே தவிர நிற்காது. சிவப்பு மாறாமல் வைக்க ஏற்றுமதிக்காரர்கள் மைனஸ் 60 வரை போகிறார்கள். அந்த வசதிக்கு நானும் நீங்களும் எங்கே போவது? பழுப்பானதெல்லாம் பழையது என்று சொன்னால் எந்த மீன்காரனும் கடை நடத்த முடியாது.

சதை நாராகப் போனது வேறு கதை. மீன் மெதுவாக உறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் ஊசிகளாகி இழைகளைக் கிழித்துவிடும். இளகும்போது சாறெல்லாம் தட்டில்தான் கிடக்கும். சீக்கிரம் உறைய வேண்டுமென்றால் கட்டு மெல்லியதாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முள் எடுத்த துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தரம் அலசி, துணியால் ஈரம் போக ஒற்றி எடுப்போம். ஒரு வேளைக் கறிக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் ஒரு ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். பையின் வாயை மேலே பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு பேசின் தண்ணீருக்குள் இறக்கிப் பாருங்கள். தண்ணீர் அழுத்த அழுத்தக் காற்று வெளியேறி, பை மீனோடு ஒட்டிக்கொள்ளும். வாய் நனைவதற்குள் மூடிவிட வேண்டும். பிறகு பிரீசர் தட்டில் படுக்க வையுங்கள், மறுநாள் அடுக்கிக்கொள்ளலாம். உப்பு பிரட்டி வைக்காதீர்கள், கொழுப்புள்ள மீன் உப்புப் பட்டால் பிரீசரிலும் சீக்கிரம் காறும். கெலவல்லா, பலயா (சூரை), தோரா (அறுக்குளா) எல்லாம் இரண்டு, மூன்று மாதத்தோடு சரி. கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன் ஆறு மாதம் தாங்கும். சமைப்பதற்கு முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "குளிர் ஊர்தானே" என்று மீனை மடியில் வைத்துக்கொண்டு பொகவந்தலாவை பஸ்ஸில் போகிறவர்கள் நிறையப் பேர். நமக்குத்தான் அது குளிர். மீனுக்கு 4 பாகைக்கு மேல் எல்லாம் வெயில். கெலவல்லாவும் பலயாவும் அப்படிக் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் ஊறிவிடும். தின்றவருக்கு முகம் சிவந்து அரிக்கும். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. வரும்போது ஒரு டப்பாவோ ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியோ கொண்டு வாருங்கள், ஐஸ் நான் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

கரண்ட் போனால் பிரீசரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த பிரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருட்டாக்கிய அன்று கூட எங்கள் வீட்டுப் பொதிகள் இளகவில்லை.

மீன் வெட்டும் தம்பி கட்டாருக்குப் போனது தெரியும்தானே. நல்ல கை, நன்றாக இருக்கட்டும். இப்போது கத்தி என் கையில், அதனால் கொஞ்சம் தாமதம். டீசலும் ஐஸும் ஏறியதால் முள் எடுக்க கிலோவுக்கு 100 ரூபாய் தனியாக வரும்.

2022இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களிலும், பேலியகொடை மீன் சந்தையிலிருந்து லொறி வராத நாட்களிலும், "வந்தால் சொல்லுங்கண்ணே" என்று காத்திருந்தவர்கள் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. போட்டோ வந்த மறுநாளே வந்து வழக்கம்போல இரண்டு கிலோ வாங்கிப் போன டிக்கோயா டீச்சருக்குத் தனியாக ஒரு நன்றி.

சனிக்கிழமை தோரா வருகிறது. கல்லாப் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பும் பேனாவும் வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு பையிலும் மீன் வந்த திகதியை எழுதி ஒட்டித்தான் தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் மீன் கடைக்காரன்