பிறை கப்பலில் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அயர்லாந்துப் பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆறு வருடமாக டிராஹெடாவில்தான் குடியிருக்கிறேன், இந்த ஊரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஊர்ச் சின்னத்தில் இருக்கும் பிறையும் நட்சத்திரமும் 1847 பஞ்சத்தின்போது துருக்கி சுல்தான் தானியக் கப்பல் அனுப்பியதற்கு நன்றியாக வைத்தவை என்று உங்கள் கட்டுரையாளர் அடித்துச் சொல்லிவிட்டார். அது தவறு. பஞ்சத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே அவை இங்கே இருந்தன. சுல்தான் அப்துல்மெஜித் அயர்லாந்துக்கு 1,000 பவுண்ட் கொடுத்தது உண்மைதான், அந்த நன்றியில் குறையில்லை. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2010இல் துருக்கி போன அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸே இதே கதையைச் சொல்ல, வரலாறு தெரிந்தவர்கள் மறுக்க வேண்டியதாயிற்று.

அதைவிட எனக்கு வருத்தம், ஊரின் உண்மையான கதையை விட்டுவிட்டாரே என்பதுதான். டிராஹெடா முதலில் ஒரே ஊர் இல்லை. பாயின் ஆற்றுக்குத் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என இரண்டு ஊர், தனித்தனி நிர்வாகம், தனித்தனி வரி, தேவாலய மறைமாவட்டம்கூட வேறு வேறு. நடுவில் ஒரு பாலம். ஐரிஷ் மொழியில் ஊர்ப் பெயருக்கே ஆற்றுத்துறைப் பாலம் என்றுதான் பொருள். கப்பல் சரக்குக்கு யார் வரி வாங்குவது என்பதில் இரண்டு கரைக்கும் ஓயாத சண்டை, வெட்டுக்குத்து வரை போயிருக்கிறது. கடைசியில் 1412இல் பிலிப் பென்னட் என்ற துறவி இரண்டு கரைக்காரர்களையும் புனித பேதுரு ஆலயத்தில் கூட்டி, பிரசங்கம் செய்து, விருந்தும் போட்டுச் சமாதானப்படுத்தினார். அந்த வருடமே இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றியின் பட்டயம் வந்து, ஊர் ஒன்றாகித் தனி மாவட்டமாகவும் ஆனது. 1898 வரைக்கும் அப்படித்தான்.

ஊரை முற்றுகையிட்டுப் பிடித்த ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், சரி, எழுத வேண்டியதுதான். ஆனால் 1649 செப்டம்பர் 11 அன்று மதில் உடைந்தது தென்கரையில் என்பதையும், தூக்குபாலத்தை நேரத்துக்குத் தூக்க முடியாததால்தான் படை வடகரைக்குள் அப்படியே பாய்ந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஊரைக் காத்து நின்ற தளபதி ஆஸ்டனின் மரக்காலுக்குள் தங்கம் இருக்கிறது என்று நினைத்து அந்தக் காலாலேயே அவரை அடித்துக் கொன்றார்கள் என்ற கதைக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது!

ரயில் வந்த பிறகும் இந்த இரு கரைத் தொல்லை தீரவில்லை. டப்ளினிலிருந்து 1844இல் தென்கரை வரை ரயில் வந்துவிட்டது, 1849இல் வடக்கேயும் பாதை போட்டுவிட்டார்கள், ஆனால் ஆற்றுக்கு மேலே பாலம் இல்லை. பெல்ஃபாஸ்ட் போகிறவர்கள் இங்கே இறங்கி, மூட்டை முடிச்சோடு குதிரை வண்டியில் ஊரைக் கடந்து, அந்தப் பக்கம் போய் வேறு ரயில் ஏறினார்கள். 1855இல் கட்டி முடித்த உயரமான பாலத்தின் கீழேதான் நான் தினமும் சாயங்காலம் நடக்கிறேன். கடல் வற்றும் நேரத்தில் ஆறும் வற்றி, படகு கட்டும் சுவரில் பாசி பிடித்த இரும்பு வளையங்கள் வரிசையாகத் தெரியும், சேற்றில் அன்னங்கள் தத்தித் தத்தி நடக்கும்.

2022 கணக்கெடுப்பில் 44,000 பேருக்கு மேல் இருக்கிற ஊர் இது. வடகரை லவுத் மாவட்டம், தெற்கே வளர்ந்துகொண்டே போகும் புறநகர் மீத் மாவட்டம். என் வீடு அந்தத் தெற்குப் பக்கம்தான், கடைக்கு நடந்து போனாலே மாவட்டம் மாறிவிடுகிறது. ஊருக்கு நகர அந்தஸ்து வேண்டும் என்று கேட்கிறவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அடுத்த இதழில் அந்தப் பிறைக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
டிராஹெடா, அயர்லாந்து