அக்கா கையெழுத்துப் போடலாமா?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் சர்க்கரை அளவை மட்டும் மறைக்காமல் எழுது. பேத்தி பேசத் தொடங்கிவிட்டாளாமே? இனி உன் வீட்டில் உனக்குப் பேச வாய்ப்புக் கிடைக்காது என்று நினைக்கும்போதே மனம் குளிர்கிறது.

நம் சேனலில் செய்தி வாசிக்கும் அக்காவிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ பாதியிலேயே குறுக்கிட்டு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நம் சேனலில் சின்னவர், அதாவது சின்ன முதலாளி, பொறுப்புக்கு வந்துவிட்டார். வந்ததும் ஸ்டுடியோச் சுவரின் நிறத்தை மாற்றினார். அடுத்து, சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை மாற்றினார். அக்காவை ஏழு மணிச் செய்தியிலிருந்து எடுத்துக் காலை ராசிபலனுக்கு அனுப்பிவிட்டார்கள். தேர்தல் முடிவு, புயல், கலவரம் என்று எதற்கும் கலங்காமல் வாசித்த மனுஷி இப்போது "ரிஷப ராசி நேயர்கள் பயணத்தில் கவனமாக இருக்கவும்" என்று சொல்கிறார். அதையும் அதே நிதானத்தோடுதான் சொல்கிறார் என்பதுதான் கொடுமை. எனக்கே பயமாக இருக்கிறது, நான் ரிஷபம்.

ஊரெங்கும் "புதிய முகங்கள், புதிய பார்வை" என்று பேனர். மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒருவன் சினிமாவுக்குப் போகிற வழியில் நம்மிடம் இறங்கியிருக்கிறான். முதல் நாளே, பச்சை நிறத்தை எடுத்துவிட்டு அங்கே வேறு படம் சேர்க்கும் க்ரோமா திரைக்கு முன்னால் பச்சைச் சட்டையில் வந்து நின்றான். திரையில் தலையும் கைகளும் மட்டும் மிதந்தன. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் மாவட்ட வரைபடம்.  இரண்டாமவன் நல்ல பையன், மூச்சுவிடத்தான் மறந்துவிடுகிறான். மூன்றாவது வந்த பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

முகங்கள் மூன்று வந்தன என்றால், முதுகுகள் எத்தனை போயின என்று பேனரில் போடவில்லை. செய்தியைத் திருத்திச் சரிபார்க்கும் டெஸ்க்கில் பாதிப் பேர் இல்லை. வாசிக்க வேண்டிய வரிகளைத் திரையில் காட்டும் பிராம்ப்டரை ஓட்டுகிற பையனை நிறுத்திவிட்டு, வாசிப்பவரின் காலடியிலேயே மிதியைப் பொருத்திவிட்டார்கள். காதில் கட்டுப்பாட்டு அறையான பி.சி.ஆரின் கூச்சல், கண்ணெதிரே ஓடும் வரிகள், காலில் தையல் மெஷின் மாதிரி ஒரு மிதி. இத்தனைக்கும் நடுவே சிரித்த முகமும் வேண்டுமாம். தாலுகா நிருபர்களுக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்த காசும் நின்றது. மைக்கையும் லோகோவையும் கொடுத்து, விளம்பரம் பிடித்துவந்தால் அதில் பங்கு என்கிறார்கள். விளம்பரம் கொடுத்தவரைப் பற்றி அந்த நிருபர் நாளை என்ன செய்தி அனுப்புவார் என்று கேட்டேன். "நீங்கள் பழைய காலத்து ஆள் சார்" என்று பதில் வந்தது.

போனவர்களில், நாம் 'அணைக்கட்டு' என்று கூப்பிடும் டெஸ்க்காரரும் ஒருவர். ஆமாம், அவரையும்தான். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து போன அந்த இரவில், மற்றவர்கள் படம் எங்கே படம் எங்கே என்று பறந்துகொண்டிருந்தபோது, எந்த மதகு, தண்ணீர் எந்தப் பக்கம் போகும், யார் கவலைப்பட வேண்டும் என்று தாளில் கோடு போட்டுக் காட்டினாரே, அந்த மனிதரை "மறுசீரமைப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் போன பிறகு நடந்ததைக் கேள். மேட்டூர் நிரம்பிய அன்று ஏழு மணிச் செய்தி. பிராம்ப்டரில் "அணையில் தண்ணீர் 120 டி.எம்.சி.யை எட்டியது" என்று ஏறிவிட்டது. கீழே ஓடிய டிக்கரிலும் அதுவே. 120 என்பது நீர்மட்டத்தின் அடிக் கணக்கு; டி.எம்.சி. என்பது தண்ணீரின் கொள்ளளவு, ஒன்று என்றால் நூறு கோடி கன அடி. டெஸ்க்கில் பார்க்க ஆள் இல்லை. மூன்றாவதாக வந்தாளே, அந்தப் பெண் வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த வரியில் மிதி நின்றது. அரை நொடி இருக்கும். தாளைக்கூடப் பார்க்காமல், "அணையின் நீர்மட்டம் முழு அளவான 120 அடியை எட்டியுள்ளது, கொள்ளளவு 93.47 டி.எம்.சி." என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பி.சி.ஆரில் நான் எழுந்து நின்றுவிட்டேன். டிக்கர் மட்டும் இன்னும் சற்று நேரம் தன் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டேன். டெல்டாக்காரப் பெண். "எங்கள் வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்பார்கள் சார்" என்றாள். சேகர், இப்படி ஒருத்தி கிடைத்தது நம் அதிர்ஷ்டம். ஆனால் ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்பவர் யாரோ, அவருடைய வீட்டு வாசலில் வாய்க்கால் ஓடினால்தான் செய்தி சரியாக வரும் என்றால், அது சேனலா?

உள்ளூர் சேனல் என்றாலே நான் இளக்காரமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. 2014 சுதந்திர தினத்தன்று கோவையில் லோட்டஸ் நியூஸ், திருநங்கையான பத்மினி பிரகாஷைச் செய்தி வாசிக்க உட்காரவைத்தது. நாட்டிலேயே முதல் முறை. டெல்லியும் மும்பையும் யோசிப்பதற்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் செய்தார்கள். புது முகம் என்றால் அப்படி இருக்க வேண்டும். அதைத்தான் சின்னவரிடமும் சொன்னேன். அவர் தன் கைபேசியில் வேறொரு புது முகத்தைக் காட்டினார்.

அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. 2023இல் ஒடிசா டிவி கைத்தறிச் சேலை கட்டிய 'லிசா' என்ற செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளரைக் கொண்டுவந்தது அல்லவா? மறு ஆண்டே தூர்தர்ஷனின் கிசான் சேனல் 'க்ரிஷ்', 'பூமி' என்று இருவரை இறக்கியது, ஐம்பது மொழிகளில் பேசுவார்கள் என்று. சின்னவருக்கு அந்த ஆசை வந்துவிட்டது. விடுப்பு கேட்காது, தொண்டை கட்டாது, பச்சைச் சட்டை போடாது. ஆனால் ஊர் பேர் தெரியாத பொம்மை வேண்டாமாம். நம் நேயர்கள் நம்பும் முகமாக இருக்க வேண்டுமாம். அதாவது அக்கா.

ராசிபலன் முடிந்து வந்தவரிடம் ஒரு பத்திரத்தை நீட்டியிருக்கிறார்கள். முகம், குரல், சைகை எல்லாவற்றையும் காலவரையறையின்றிப் பயன்படுத்தும் உரிமை; வேலையிலிருந்து விலகிய பிறகும் செல்லும்; வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் செய்யலாம். இதற்கு ஈடாக ஒரே தடவை ஒரு மாதச் சம்பளம். அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. "நாளைக்கு என் வாய் 120 டி.எம்.சி. என்று சொல்லும். காய்கறிக் கடையில் என்னைத்தானே பிடித்துக் கேட்பார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணின் கால் நின்றதே, அந்த அரை நொடி. அது அந்தப் பொம்மைக்கு எங்கிருந்து வரும்?

கொஞ்சம் தேடிப் பார்த்தேன். 2023 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தி நடிகர் அனில் கபூரின் பெயரையும் உருவத்தையும் குரலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. மறு ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்தது. அவர்கள் நட்சத்திரங்கள்; அதைவிட முக்கியம், அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அக்கா போட்டுவிட்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? பத்திரிகையாளர் சட்டம் என்று பார்த்தால், 1955ஆம் ஆண்டுச் சட்டம் செய்தித்தாள்காரர்களை நினைத்து எழுதியது. நம்மைப் போன்ற மின்னணு ஊடகத்தாரையும் 2020இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பில்தான் சேர்த்தார்கள். அதிலும் வேலை நேரம், விடுப்பு பற்றித்தான் பேச்சு. முகத்தை எழுதிக் கொடுப்பது பற்றி அல்ல.

உன் மருமகள் வழக்கறிஞர் என்று பெருமையடித்துக்கொள்வாயே, இப்போது அது பயன்படட்டும். பத்திரத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கால வரம்பு போடச் சொல்லலாமா? வேலையை விட்டால் உரிமையும் முடிய வேண்டும் என்று கேட்கலாமா? ஒவ்வொரு செய்தியையும் அக்கா பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அந்த உருவம் பேச வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? கடைசியதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் அக்கா. மறுத்தால் ராசிபலனும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். மகனின் கல்லூரிக் கட்டணம் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருக்கிறது. அதனால் "கையெழுத்துப் போடாதீர்கள்" என்று வீரம் பேசி ஒரு வரியில் பதில் எழுதிவிடாதே. திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டிருக்கிறார். அதற்கு முன் மருமகளிடமிருந்து பதில் வர வேண்டும்.

அணைக்கட்டு இப்போது ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். டெஸ்க்கை வாரத்துக்கு இரண்டு மாலையாவது வந்து பாருங்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். சின்னவரிடம் பணம் பெயராது, பெட்ரோல் செலவை நாம் சிலர் பகிர்ந்துகொள்ளலாம். உன் பங்கு உண்டு, தப்பிக்காதே. அவரை நீயே ஒரு முறை அழைத்துப் பேசு, சந்தோஷப்படுவார். 2005 வெள்ளத்தை மட்டும் ஞாபகப்படுத்திவிடாதே, விடிந்துவிடும்.

அன்புடன்,
பாலு