ஆம்புரோஸின் நூல்களைப் பற்றி மகளுக்கு

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து, சயாமையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் போட்ட மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளைச் சந்தித்து, அவர்கள் சொல்வதை நூலாக்கப் போகிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ஆம்புரோஸைப் போல எல்லாரும் விரும்பிப் படிக்கும்படி எழுத வேண்டும் என்கிறாய். அதைப் பற்றி உன்னிடம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

அவருடைய ஆற்றலில் எனக்கு ஐயமில்லை. நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், தளபதிகளின் திட்டங்களோடு நின்றுவிடாமல், இரண்டாம் உலகப் போரின் குண்டுமழைக்கு நடுவே பதுங்கிக் கிடந்த சிப்பாய் எதைக் கண்டான், எதற்கு அஞ்சினான் என்று கேட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்மொழிப் பதிவுகள் சேர வழிசெய்தார். அப்போரில் சண்டையிட்ட ஓர் அமெரிக்கப் படைப்பிரிவைப் பற்றி 1992இல் வெளிவந்த அவருடைய 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' நூலை இலட்சக்கணக்கானோர் படித்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குண்டுவீச்சு விமானிகளைப் பற்றிய அவருடைய 'தி வைல்ட் புளூ' நூலில், தாமஸ் சைல்டர்ஸ் என்ற வரலாற்றாசிரியரின் வரிகள் ஏறத்தாழ அப்படியே இருப்பது வெளிப்பட்டது. அடிக்குறிப்பில் சைல்டர்ஸின் பெயர் இருந்தது. மேற்கோள் குறிகள்தாம் இல்லை. ஆம்புரோஸ் மன்னிப்புக் கேட்டார். எனினும் அவருடைய வேறு நூல்களிலும் இத்தகைய பகுதிகள் தென்பட்டன. அடிக்குறிப்பு இருந்ததே என்று அவருக்காக வாதாடுவோரை நான் ஏற்கவில்லை. ஒருவர் வெட்டிய ரப்பர் பாலை இன்னொருவர் கணக்கில் நிறுத்துவிட்டு, ஓரத்தில் உரியவரின் பெயரைக் குறித்து வைத்தால் நம் தோட்டத்தில் யார் ஒப்புவார்கள்?

அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். அதன் பின் வெளிப்பட்டது இதனினும் பெரிது. அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆம்புரோஸ், ஐசனோவரோடு நூற்றுக்கணக்கான மணி நேரம் பேசியதாகச் சொல்லி வந்தார். ஐசனோவர் நூலகத்தில் இருந்த நாட்குறிப்புகளோ, இருவரும் மூன்று முறை, மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே சந்தித்ததாகக் காட்டுகின்றன என்று 2010இல் தெரியவந்தது.

என்னை மிகவும் உறுத்துவது ஆல்பர்ட் பிளைத் என்ற சிப்பாயின் கதை. 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' நூலை அடியொற்றிய தொலைக்காட்சித் தொடர், அவர் காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்ததாக அறிவித்தது. உண்மையில் அவர் தொடர்ந்து இராணுவத்தில் பணியாற்றி, 1967இல்தான் காலமானார். தோழர்களின் நினைவையே நம்பி, ஆவணத்தைப் புரட்டிப் பார்க்காததன் விளைவு அது.

அங்கே ஆவணமாவது இருந்தது. 415 கிலோமீட்டர் நீளமான அந்தச் சயாம் பாதையில் மாண்ட வெள்ளைக்காரக் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடையாது. ஆகையால் யார் சொன்னார், அவர் கண்டதா, தந்தை சொல்லிக் கேட்டதா, எந்தத் தோட்டம், எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பதை அன்றன்றே எழுதி வை. அவர்கள் சொற்களையும் உன் சொற்களையும் கலந்துவிடாதே.

நம் பழைய தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்த பெரியவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். காலையில்தான் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும். மதியத்துக்குமேல் சந்திப்பு வைக்காதே. மகனிடம் பேசிவிட்டேன். நீ வரும் தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா