சாக்பீஸால் எண் போட்ட தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே, உறவுகளே, வணக்கம்.

நம்மூர் ரயில்வே கேபினில் சிக்னலையும் பாயிண்டையும் இழுத்து இயக்கிய கைப்பிடி வரிசை, அதாவது லீவர் ஃப்ரேம், பழைய இரும்புக் கிடங்கிலிருந்து பத்திரமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஆச்சி வீட்டு மூன்றாங்கட்டில் கோணிப்பையும் தென்னைநாரும் பரப்பி, மேலே பலகை போட்டு நிறுத்தியிருக்கிறோம். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிப் போனது, பின்னாலேயே நாம் கிடங்குவரை ஓடியது, அங்கே நடந்த வாக்குவாதம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாதிப் பேர் கூடவே நின்றீர்கள். அந்தக் கதையை மறுபடி எழுதப் போவதில்லை. நெஞ்சுப் படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஆறப்போட்டால் அலங்காரமாக எழுத ஆரம்பித்துவிடுவேன்.

"ஒரு பழைய இரும்புக்கா இத்தனை பாடு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இந்தத் தடத்தில் சிக்னல் மெயின்டெய்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்கிற முறையில் நானே பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல். அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் பாதை நீண்டது 1930-இல். அப்போது எல்லாம் தென்னிந்திய ரயில்வே; 1951 ஏப்ரல் 14-க்குப் பிறகுதான் தெற்கு ரயில்வே. மீட்டர் கேஜ், ஒற்றைத் தடம். கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் இந்தத் தடத்தில் மானாமதுரை போய், ராமேஸ்வரம் பாதையைப் பிடித்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. நம்மூர்ப் பெரிய வீடுகளின் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் போய் வந்த பாதையைக் காத்த கேபினை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைத் தடத்தில் இரண்டு பக்கமும் வண்டி வரும். எதிரெதிரே இரண்டும் ஒரே நேரத்தில் நுழைந்துவிடக் கூடாது. அதற்குத்தான் நீல்ஸ் பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் ஆளுக்கு ஒன்று இருக்கும். மின்கம்பியால் இரண்டுக்கும் தொடர்பு. இந்தப் பக்கத்து மாஸ்டர் மணி அடித்துக் கேட்டு, அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் ஒரு எஃகுப் பந்து வெளியே வரும். அது மறுமுனைக் கருவிக்குள் போய் விழுகிறவரை இரண்டு கருவியும் இன்னொரு பந்தைத் தராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். தோல் பையில் பந்தைப் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடுகிற வண்டியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்பார்கள் நம் ஆட்கள். நிற்காமல் போகிற ரன் த்ரூ வண்டி என்றால் வளையம் தோளைப் பதம் பார்த்துவிடும்.

பந்து இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் உள்ள தடத்தைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டேஷனுக்குள் நுழைந்த பிறகு கேபினின் பாடு. லீவர்களுக்கு வண்ணம் உண்டு: சிக்னலுக்குச் சிவப்பு, பாயிண்டுக்கு (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்புகிற இடம்) கறுப்பு, பாயிண்ட் பூட்டுக்கு நீலம், கேட்டுக்குப் பழுப்பு, உபயோகத்தில் இல்லாததற்கு வெள்ளை. கைப்பிடியை வெறுங்கையால் தொட்டால் பழைய லீவர்மேன்கள் திட்டுவார்கள். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும், எப்போதும் துணி போட்டுத்தான் பிடிக்க வேண்டும். பாயிண்டை ராடு இழுக்கும், கைகாட்டியைக் கம்பி இழுக்கும். சித்திரை வெயிலில் இரும்பு நீளும் இல்லையா, அதற்கு ராடுக்கு நடுவில் காம்பன்சேட்டர் என்று ஒரு ஏற்பாடு: முன்பாதி தள்ளினால் பின்பாதி இழுக்கும்படி திசையை மாற்றிவிடும், நீட்சி ஒன்றையொன்று தின்றுவிடும். கைகாட்டி விளக்கின் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்த பிள்ளைகள், "பச்சை என்றீர்களே, நீலமாக இருக்கிறதே" என்று கேட்டார்கள். உள்ளே எரிவது மண்ணெண்ணெய் விளக்கு, அதன் சுடர் மஞ்சள். நீலம் கலந்த கண்ணாடி வழியாக வரும்போதுதான் டிரைவர் கண்ணுக்குச் சரியான பச்சையாகத் தெரியும்.

இதெல்லாம் பார்வைக்குத் தெரிகிற சாமான்கள். கேபினின் உயிர் லீவர்களுக்கு அடியில் ஒரு தட்டில் படுத்திருக்கிறது. லாக்கிங் ட்ரே என்போம். ஒவ்வொரு லீவரோடும் டேப்பெட் என்கிற ஒரு எஃகுப் பட்டை சேர்ந்து நகரும். பட்டையின் விளிம்பில் வெட்டு இருக்கும். பக்கத்தில் டாக் என்கிற சின்னக் கட்டை. ஒரு லீவரை இழுத்தால் அதன் பட்டை டாக்கைத் தள்ளும், டாக் போய் இன்னொரு பட்டையின் வெட்டில் உட்காரும், அந்த லீவர் அசையாது. நம்ம கேபினில் 5-ஆம் எண் லீவர் பாயிண்டுக்கு, 6 அதன் பூட்டுக்கு, 2 மெயின் லைன் ஹோமுக்கு, 3 லூப் லைன் ஹோமுக்கு. ஹோம் என்றால் வண்டியை ஸ்டேஷனுக்குள் விடுகிற கைகாட்டி; லூப் என்றால் மெயின் லைனிலிருந்து பிரிந்து போகிற பக்கத்துத் தடம். லூப்புக்கு வண்டி எடுக்க வேண்டுமென்றால் 5, பிறகு 6, பிறகுதான் 3. மூன்றை இழுத்துவிட்டால் ஐந்தையும் ஆறையும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது, இரண்டை இழுக்கவும் முடியாது. பழைய பெட்டகங்களில் ஒரு பலகையை நகர்த்தினால்தான் அடுத்த சாவித்துளை தெரியும் பாருங்கள், அதே புத்தி. இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி இந்த வகை யோசனைக்குக் காப்புரிமை வாங்கியது 1856-இல். ஆனால் அங்கே எல்லாப் பயணி ரயில் பாதைகளிலும் இதைக் கட்டாயமாக்கியது 1889-இல்தான், அதுவும் அயர்லாந்தில் ஆர்மா விபத்தில் சுமார் 80 பேர் செத்த பிறகு. எந்த ஊரிலும் சட்டம் பிணத்துக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பழைய இரும்புக் கிடங்குக்குள் நாம் நுழைந்தபோது லீவர்கள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன, ராடுகள் ஒரு பக்கம். பக்கத்திலேயே கேஸ் கட்டர். முதலாளியிடம் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் நேராக லாக்கிங் ட்ரேயிடம்தான் போனேன். காலியாக இருந்தது. ஒரு பட்டை இல்லை, ஒரு டாக் இல்லை. எந்த லீவர் எதைப் பூட்டும் என்று கேபின் சுவரில் இருந்த அட்டவணையை, லாக்கிங் டேபிளைக் கரையான் அரித்துப் பல காலம் ஆகிறது. பட்டைகள் கலந்துபோனால் எது எங்கே என்று சொல்ல இனி ஆள் கிடையாது. லீவர்களை வாங்கி வந்து வரிசையாக நிறுத்தலாம், கும்பாபிஷேகம்கூடச் செய்யலாம். எதை இழுத்தாலும் வரும், எதுவும் எதையும் தடுக்காது. பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேஸ் கட்டர் பிடிக்கிற தம்பி ஒருவர் வந்தார். முழங்கைவரை கரி. "அய்யா, தேடுறது இதுவா பாருங்க" என்று ஒரு அரிசிச் சாக்கை இழுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டையிலும் சாக்பீஸால் எண் எழுதியிருந்தது. எழுத்து அழியாமலிருக்க மேலே செலோ டேப். இடது ஓரத்திலிருந்து வரிசைப்படி அடுக்கி, கட்டுக்கம்பியால் கட்டு கட்டாகக் கட்டியிருந்தார். டாக்குகள் செய்தித்தாளில் தனித்தனிப் பொட்டலமாக. பொட்டலத்தின் மேல் "3க்கும் 4க்கும் நடுவுல, வெட்டு வெளிப் பக்கம்" என்பதுபோல் பேனாவால் குறிப்பு. கழற்றும் முன் செல்போனில் படமும் எடுத்து வைத்திருந்தார். அந்தத் தம்பிக்கு ரயில்வேயோடு ஒரு சம்பந்தமும் இல்லை. நாம் வருவோம் என்றும் அவருக்குத் தெரியாது. அங்கே உடைக்கிற எடைக்குத்தான் கூலி. இந்தச் சாக்குக்குச் செலவழித்த நேரம் முழுக்க அவர் கையை விட்டுப் போன காசு.

"ஏன் தம்பி இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"மூடியத் தொறந்தப்ப எல்லாம் ஒரே பட்டை மாதிரிதான் தெரிஞ்சுதுங்க. வெட்டப் பார்த்தா ஒவ்வொண்ணுலயும் வேற வேற எடத்துல இருந்துச்சு. யாரோ உக்காந்து யோசிச்சு ராவியிருக்காங்க. கலைக்க மனசு வரல."

பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார். பதிலுக்கு "இது என்னங்கய்யா வேலை செய்யும்?" என்று கேட்டார். அதே சாக்பீஸை வாங்கித் தரையில் படம் போட்டுச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, சாக்கிலிருந்து பன்னிரண்டாம் எண் பட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல மட்டும் ஒரு வெட்டு பழசுங்க, இன்னொண்ணு பின்னால போட்டது. அரம் வேற." திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உண்மை. பழைய வெட்டின் ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது, மற்றதில் அரத்தின் வரி இன்னும் விரலில் உரசியது. பன்னிரண்டாம் லீவர், சரக்கு வண்டி ஒதுங்குகிற குட்ஸ் சைடிங்கின் பாயிண்டுக்கு. சைடிங்கை மாற்றியமைத்தபோது யாரோ ஒரு மெயின்டெய்னர் இங்கேயே உட்கார்ந்து பட்டையைத் திருத்தியிருக்கிறார். எத்தனையோ தடவை எண்ணெய் போட்ட என் கண்ணில் அது படவே இல்லை. பொறியியல் படித்தவர்களுக்கு நான் இந்த ட்ரேயைக் காட்டி விளக்கியிருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு கூர்மையாகப் பார்த்ததில்லை.

தம்பி, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. முதலாளி ஏதும் சொல்வாரோ என்கிற உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று: உங்கள் எண் வரிசைப்படியே பூட்டினோம், ஒரு பட்டைகூட இடம் மாறவில்லை. பூட்டி முடித்ததும் 5, 6, 3 இழுத்துவிட்டு இரண்டில் கை வைத்தேன். அசையவில்லை. என்னோடு இன்னும் இரண்டு பேர் தொங்கினார்கள், அப்போதும் அசையவில்லை. மூன்றாங்கட்டில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நகராத ஒரு இரும்புக்கு அப்படிக் கைதட்டியதைப் பார்த்து ஆச்சி, "கூறு கெட்டதுகள்" என்றார்கள்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். இடம் கொடுத்ததோடு வந்தவர்களுக்கெல்லாம் கவுனி அரிசியும் பணியாரமும் கொடுத்த ஆச்சி. கேட்ட மறுநாளே பணம் அனுப்பிய சிங்கப்பூர், மலேசியா உறவுகள். ராத்திரி என்றும் பாராமல் வந்த கிரேன்காரர். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷுமாக உட்கார்ந்து துரு எடுத்த கல்லூரிப் பிள்ளைகள். மணிக் குறிப்புகளை நினைவிலிருந்தே எழுதிக் கொடுத்த பழைய ஸ்டேஷன் மாஸ்டர். காகித வேலையை அலைக்கழிக்காமல் முடித்துக் கொடுத்த அதிகாரிகள். எல்லோருக்கும் என் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் நேரில் வந்து சண்டை போடுங்கள், பணியாரம் மிச்சம் இருக்கிறது.

1992-இல் பாதைகளை அகலப்பாதையாக்கும் யூனிகேஜ் திட்டம் என்று அறிவித்தபோதே மீட்டர் கேஜ் கேபின்களுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அகலப்பாதை வந்தது, கலர் லைட் வந்தது, பொத்தானை அழுத்தினால் பாயிண்ட் நகர்கிறது. நல்லதுதான். கொட்டுகிற மழையில் விளக்கோடு கைகாட்டி மரத்தில் ஏறியவர்களைப் பார்த்த யாரும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் மோதல் வராமல் தடுப்பது எப்படி என்று ஒரு பிள்ளை கையால் இழுத்தே தெரிந்துகொள்ள இந்த ஃப்ரேமைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது. உடம்பில் தெம்பு இருக்கிறவரை நானே எண்ணெய் போடுவேன், நானே சொல்லித் தருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். கட்டணம் கிடையாது. கைப்பிடியைப் பிடிக்க ஒரு துணி மட்டும் கொண்டு வாருங்கள். தம்பி, நீங்கள் எந்தக் கிழமையில் வந்தாலும் சரி.

இன்னும் ஒரு வேண்டுகோள். நீல்ஸ் கருவி ஒன்று கிடைத்திருக்கிறது, உள்ளே ஒரு பந்துகூட இல்லை. உங்கள் யார் வீட்டு மேசையிலாவது காகிதம் பறக்காமல் இருக்க ஒரு எஃகுப் பந்து இருந்து, அதில் ஸ்டேஷன் எழுத்தும் எண்ணும் வெட்டியிருந்தால், ஆச்சி வீட்டு முகப்பில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டோம். அதை ரயில்வேயிடம் முறைப்படி எழுதிக் கேட்டு வைத்துக்கொள்வது என் பொறுப்பு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சிக்னல் மெயின்டெய்னர்