டிரான்ஸ்பார்மர் இருந்தால் எல்லாம் ஓடிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்குக் குடிபோகும் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டும் வீடுகளில் ஆளாளுக்குச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "ஒரு டிரான்ஸ்பார்மரைப் போட்டுவிட்டால் நம்ம ஊர் சாமான் எல்லாம் அங்கே ஓடும்." அதில் பாதிதான் சரி.

இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்ற கணக்கு). அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது. பிளக் அடாப்டர் இரண்டையுமே தொடாது. நம் உருண்டைக் கால்களை அங்குள்ள தட்டைப் பொந்தில் செருக வழி செய்வதோடு அதன் வேலை தீர்ந்தது.

சூடேற்றும் சாமானுக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டல்ல, வோல்ட்தான் கணக்கு. வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசிக்கு இறங்கும். நம் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அங்கே வெறும் அடாப்டரில் சுமார் 270 வாட்தான் தரும். சட்டை மடிப்பு அப்படியே இருக்கும். 700 வாட் ரைஸ் குக்கர் 190 வாட்டுக்கு வந்துவிடும், அரிசி ஊறும், வேகாது. இவற்றை அங்கேயே வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். திரும்பி வரும்போது அங்கிருந்து ஹேர் டிரையர் கொண்டுவருவோர் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். 120 வோல்ட்டுக்குச் செய்த, சூடேற்றும் 1000 வாட் காயில் இங்கே 3600 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்த்து, சில நொடிகளில் கருகிவிடும்.

மிக்ஸி தனி ரகம். அதில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ அதற்குக் கவலையில்லை. வோல்ட்டை ஏற்றித் தரும் சரியான ஸ்டெப்–அப் டிரான்ஸ்பார்மர் இருந்தால் நன்றாகவே ஓடும். தவறு நடப்பது அளவில். 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்கினால், தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு முதல் சுற்று சுற்றும்போதே பியூஸ் போகும், ஏனென்றால் மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு. குறைந்தது இரட்டிப்பு, அதாவது 1500 வாட் வேண்டும். அதன் கனத்தைப் பெட்டியில் சுமப்பதைவிட, அங்கத்திய மின்சாரத்துக்கென்றே நம் ஊரில் கிடைக்கும் 110 வோல்ட் மிக்ஸியை வாங்கிப் போகலாம். டிரான்ஸ்பார்மருக்குப் பதில் 'கன்வர்ட்டர்' என்று கைக்கடக்கமாக, விலை மலிவாக ஒன்று விற்கும். அது காயில் சாமான்களுக்கு மட்டும். மிக்ஸியையோ எலக்ட்ரானிக் சாமானையோ அதில் மாட்டக் கூடாது.

வெட் கிரைண்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் மோட்டார் கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்ஷன் வகை, வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைச் சரியாகக் கொடுத்தாலும் 60 ஹெர்ட்ஸில் டிரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவு ஓரத்தில் ஏறித் தெறிக்கும், சீக்கிரம் சூடாகும், இழுவையோ குறையும். '110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று இரண்டும் பொறித்த கிரைண்டரைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் "110 தாங்க" என்று சொன்னால் மட்டும் போதாது, அடியில் ஒட்டிய தகட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

"அங்கேயும் துணி உலர்த்தும் டிரையருக்கு 240 வோல்ட் பாயின்ட் இருக்கிறதே, அதில் மாட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அங்கே அந்த 240 என்பது இரண்டு 120 வோல்ட் பேஸ் ஒயர்களுக்கு இடையே உள்ளது. நம் சாமானின் சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். அணைத்த பிறகும் மற்ற ஒயரில் 120 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். போதாக்குறைக்கு அந்த பாயின்ட்டின் பிரேக்கர் பொதுவாக 30 ஆம்பியர். நம் 6 ஆம்பியர் ஒயர் உருகி வழிந்த பிறகும் அது டிரிப் ஆகாமல் இருக்கலாம்.

இன்னொன்று. நம் வீடுகளில் மெயினில் வைக்கும் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு டிரிப் ஆவது. அங்கே சமையலறை மேடை பாயின்ட்டுகளில் உள்ள பாதுகாப்பு சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும். ஈரம் இறங்கிய பழைய மிக்ஸி இங்கே வருடக்கணக்கில் ஓடியிருக்கும். அங்கே சுவிட்சைத் திருப்பியதும் 'டக்' என்று நின்றுவிடும். பாயின்ட் மேல் குற்றமில்லை, மிக்ஸிதான் கசிகிறது.

போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அடாப்டர் போதும். பல்பு வேண்டாம், நம்முடையது பெரும்பாலும் பின் வைத்து மாட்டுவது, அங்கே மறை திருகுவது. அங்கே ரைஸ் குக்கர் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு: அங்கத்திய அளவுக் கப் 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. தண்ணீர்க் கணக்கில் இரண்டையும் கலந்துவிட்டால் சாதம் குழையும், இல்லையேல் விதை விதையாக நிற்கும்.

அங்கிருந்து மைக்ரோவேவ் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: வோல்ட்டை இறக்கும் ஸ்டெப்–டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டாலும் 50 ஹெர்ட்ஸில் அதற்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் உறுமும், அளவுக்கு மீறிச் சூடாகும். மின்சாரத்தின் அலையை எண்ணி நேரம் காட்டும் வகையாக இருந்தால், அதன் கடிகாரமும் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

இப்படிக்கு,
வீட்டு மின்சாதனப் பழுதுநீக்குநர்,
கோயம்புத்தூர்