மரமேறும் முள்ளுக்குப் பதிலாகப் பனிமலை முள் அனுப்பியது தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். போனில் ஆள் மாறி ஆள் பேசி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். ஓடர் விபரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது, திரும்ப ஒப்புவிக்கத் தெம்பில்லை.

விளம்பரத்தில் "மரமேறும் கிராம்பன்" என்று போட்டிருந்தீர்கள். வந்தது சப்பாத்துக்கு அடியில் வார் போட்டுக் கட்டும் பன்னிரண்டு பல் சட்டம். பத்துப் பல் கீழே பார்க்கிறது, இரண்டு முன்னால் நீட்டி நிற்கிறது. மரமேறுகிறவனுக்குக் கணுக்காலின் உட்பக்கம் ஒற்றை முள்ளும், காலோடு சேர்த்துக் கட்ட இரும்புத் தண்டும் வேண்டும். இதை விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் ஊழியர் ஒருவர் "கிராம்பன் எண்டால் ஏறுற முள்ளுத்தான், அகராதியைப் பாத்திட்டுக் கதையுங்கோ" என்று போனை வைத்தார். வயதுக்காவது மரியாதை தந்திருக்கலாம். பார்த்தேன். பிரெஞ்சுச் சொல், வேர் பழைய ஜெர்மானியத்தில் கொக்கி. கல்லையும் மரக்குற்றியையும் கவ்வித் தூக்கும் இரும்புக்கும் அதே பெயர், சுவரைப் பற்றி ஏறும் கொடியின் வேருக்கும் அதே பெயர். பிரான்சில் உதைபந்தாட்டச் சப்பாத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தனை இருக்கும்போது எதற்கானது என்று சரியாக எழுதுவது விற்பவர் பொறுப்பு. மலையேறிகளின் கிராம்பனை எக்கென்ஸ்டைன் என்ற ஆங்கிலேய மலையேறி 1908இல் வடிவமைத்தபோது பத்துப் பல்தான். முன் இரண்டும் 1929இல் வந்தவை, செங்குத்தான பனிக்கட்டியில் உதைத்து ஏறுவதற்கு. அதை மாட்டிக்கொண்டு பனையில் ஏறி என் பொடியன் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது?

வவுனியாக் கிளைக்குக் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். புதுக்குடியிருப்பிலிருந்து விடியப் புறப்பட்டு, மாங்குளத்தில் பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனால், "பொறுப்பானவர் இன்றைக்கு வரவில்லை" என்கிறார்கள். ஒரு கதிரைகூடத் தரவில்லை. அந்தப் போன்காரரின் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

இடி விழுந்து பட்டுப்போன பனை ஒரு வீட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. வட்டை, அதாவது ஓலையோடு இருக்கும் தலைப்பகுதியை, முதலில் இறக்காமல் அடியில் வெட்ட முடியாது. வேலையை ஒப்புக்கொண்டது நான். என் தொழிலே படுத்துவிட்டது, இனி இந்தப் பக்கத்தில் யாரும் என்னைக் கூப்பிடப்போவதில்லை.

தயவுசெய்து சரியான முள்ளை அனுப்புங்கள், அல்லது பஸ் செலவோடு காசைத் திருப்பித் தாருங்கள். பெட்டியை எடுக்க உங்கள் ஆள்தான் வரவேண்டும். இந்தக் கிழமைக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு விளம்பரப் படத்தோடு எழுதுவேன். அந்த ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
புதுக்குடியிருப்பு