விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று அடையாறில் நடந்த பலகை விளையாட்டு ஆர்வலர் சந்திப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் நகரப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்து மனம் வருந்தினேன். ‘சிலர் தாங்கள் தயாரித்த விளையாட்டுப் பொருட்களையும் விற்பனைக்கு வைத்திருந்தனர்’ என்று ஒரே வரியில், யாரைப் பார்ப்பதற்காக அத்தனை பேரும் வந்திருந்தார்களோ அவர்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது. காலையிலிருந்து மாலை வரை அந்தக் கூடத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே எதுவும் விற்கப்படவில்லை.

என் பேத்தி விரும்பி ஆடிவரும் சீட்டு விளையாட்டு ஒன்றை உருவாக்கிய இளைஞர், அடுத்து வெளியிடவிருக்கும் விளையாட்டின் மாதிரியோடு ஒரு மேசையில் அமர்ந்திருந்தார். சீட்டுகள் இன்னும் அச்சேறவில்லை; அட்டையைக் கத்தரித்து, கையால் எழுதி, பிளாஸ்டிக் உறைகளில் செருகியிருந்தார். ஆடி முடித்த பேத்தி, “அண்ணா, முதல்ல ஆரம்பிக்கிறவங்களே ஜெயிச்சிடறாங்க” என்றாள். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், குறிப்பிட்ட ஒரு சீட்டை உறையிலிருந்து உருவி, அதிலிருந்த 3-ஐப் பென்சிலால் அடித்து 2 என்று எழுதிவிட்டு, “இன்னொரு தடவை ஆடிப் பார்க்கலாமா?” என்று அவளைக் கேட்டார். பள்ளிச் சிறுமி ஒருத்தியின் சொல்லை மதித்துத் தன் படைப்பை அந்த இடத்திலேயே திருத்தியவரின் பெயர் தங்கள் செய்தியில் இல்லை. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியவரின் பெயர் இருக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. கோடை விடுமுறைதோறும் தங்கள் இணைப்பிதழ் இத்தகைய விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, விலையையும் கிடைக்கும் கடையையும் தவறாமல் தருகிறது, உருவாக்கியவரின் பெயரை மட்டும் தருவதில்லை. நூல் மதிப்புரையில் எழுதியவரின் பெயரை விட்டுவிட்டுப் பதிப்பகத்தின் முகவரியை மட்டும் அச்சிடத் தங்களுக்கு மனம் வருமா? முன்பொரு முறை இதைக் குறித்து நான் எழுதிய கடிதம் வெளிவரவும் இல்லை, அதற்குப் பதிலும் இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடும் திருவல்லிக்கேணிக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அந்தப் படத்தையோ ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளையோ முதலில் வரைந்தவர் யார் என்று கேட்டால் சொல்ல இன்று ஆளில்லை. நம் கண்ணெதிரே இருப்பவர்களுக்கும் அந்தக் கதி வர வேண்டாம் என்பதாலேயே இவ்வளவு எழுதுகிறேன்.

தாங்கள் அறியாததல்ல. மனைகளை வாங்கி வாடகை வசூலித்து ஆடும் மோனோபோலிக்கு மூலமான விளையாட்டுக்கு 1904-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் எலிசபெத் மேகி. 1930-களில் மோனோபோலி சார்லஸ் டாரோ என்பவரின் கண்டுபிடிப்பாக உலகெங்கும் விலைபோனபோது, அந்த அம்மையாருக்குக் கிடைத்தது 500 டாலர். ஜெர்மனியில் 1988-ஆம் ஆண்டு நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியின்போது கூடிய விளையாட்டு வடிவமைப்பாளர்கள், பெட்டியின் மேல் தங்கள் பெயரைப் போடாத நிறுவனத்துக்கு இனி விளையாட்டுத் தருவதில்லை என்று பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையிலேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள். இன்று அந்நாட்டின் எஸ்ஸன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டுத் திருவிழாவில், ஆர்வலர்கள் பெட்டியைக் கையில் ஏந்தி, அதை உருவாக்கியவரிடம் கையொப்பம் பெற வரிசையில் நிற்கிறார்கள். அடையாறில் என் பேத்தியும் அப்படித்தான் நின்றாள்.

ஆகவே, அன்று வந்திருந்த படைப்பாளிகளின் பெயர்களையும் அவர்களுடைய விளையாட்டுகளின் பெயர்களையும் ஒரு திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் அமைப்பாளர்களிடம் உள்ளது. நான்கு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. அடுத்த சந்திப்பு நடக்கும் நாளை ‘நகரில் இன்று’ பகுதியில் சேர்த்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.